நிற்கும்போது 33, ஓடினால் 27: கார் டயரில் காற்று எங்கே போகிறது?

சனிக்கிழமை அதிகாலை. வீட்டுக்குப் பக்கத்து பங்கில் நான்கு டயருக்கும் 33 பி.எஸ்.ஐ. காற்று பிடித்தாகிவிட்டது. அங்கிருந்து நேராக ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, இறங்கி, மறுநாள் சேலத்திலிருந்து சென்னை வரை நெடுஞ்சாலையில் ஒரே அழுத்து. திங்கள் காலை பார்த்தால் மூன்று டயரில் 33 அப்படியே இருக்கிறது. முன்பக்க இடது டயரில் மட்டும் 27.

பஞ்சர் கடைக்குப் போனால் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, ஒரு டயர்ல மட்டும் காத்து நிக்க மாட்டேங்குது.”

“தண்ணியில முக்கிப் பாத்தாச்சு தம்பி. ஒரு பபுள் கூட வரல. ஒண்ணும் இல்ல, தைரியமா ஓட்டுங்க.”

அவர் சொன்னபடியே அடுத்த ஐந்து நாள் ஆபீஸ் போய்வரும்போது காற்று 33-லேயே நிற்கிறது. சரி, பிரச்சினை முடிந்தது என்று நினைத்து அடுத்த லாங் டிரைவ் கிளம்பினால் மறுபடியும் அதே 27.

இதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சோதித்தது நிற்கிற டயரை. காற்று போவது ஓடுகிற டயரில். வேகம், வளைவு, எடை, சூடு எல்லாம் சேரும்போது மட்டும் திறக்கிற ஓட்டை, தண்ணீர்த் தொட்டியில் அமைதியாக மூழ்கிக் கிடக்கும்போது தன்னைக் காட்டிக்கொள்ளாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இதை ஏன் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

‘டயர் வெடிச்சிருச்சு, யார் என்ன செய்ய முடியும்?’ என்பது விபத்துக்குப் பிறகு வழக்கமாகக் கேட்கிற வார்த்தை. 2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த ஒரு காரின் பின் டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்தது. அதில் பயணித்த ஒருவர் இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் 2016-ல் உத்தரவிட்டது. டயர் வெடித்தது ‘கடவுளின் செயல்’, அதற்குப் பணம் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதர்கள் யாரும் பொறுப்பாக முடியாத, எதிர்பாராத இயற்கை நிகழ்வுதான் கடவுளின் செயல். டயர் வெடிப்பது அந்தக் கணக்கில் வராது, அது மனித அலட்சியம் என்றது. அதிக வேகம், குறைந்த காற்று, அளவுக்கு மீறிய காற்று, பழைய டயர், வெப்பம் என்று காரணங்கள் பல இருக்கும்போது, கிளம்பும் முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் பொறுப்பு என்றும் சொன்னது.

அந்தத் திங்கள்கிழமை காலை பார்த்த 27, ஒரு வகையில் டயர் அனுப்பிய நோட்டீஸ். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. 15 அங்குல வீல் உள்ள ஒரு சாதாரண கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது டயர் ஒரு நொடிக்கு சுமார் 14 முறை சுற்றும். இத்தனை முறை மடங்கினால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கிற இழை அடுக்குகளுக்கும் உள்ள பிடிப்பு தளரும். ‘திடீரென்று’ வெடித்ததாக நாம் சொல்கிற பல டயர்கள் இப்படித்தான் மெல்ல மெல்லத் தயாராகின்றன.

முதலில், உண்மையிலேயே காற்று இறங்குகிறதா?

சில நேரம் டயரில் ஓட்டையே இருக்காது. அளந்த விதம்தான் தப்பாக இருக்கும்.

டயருக்குள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால், 33 பி.எஸ்.ஐ. டயரில் காற்றழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டிவந்த டயர் 33-லிருந்து 37, 38 வரை ஏறிக் காட்டுவது இயல்பு. அப்போது பங்கில் ‘சார், காத்து அதிகமா இருக்கு’ என்று 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் ஆறியதும் 28, 29 காட்டும். காற்று கசியவில்லை, நாமே இறக்கிவிட்டிருக்கிறோம்.

மலைப் பயணத்தில் இன்னும் ஒரு குழப்பம் உண்டு. ஊட்டியின் அதிகாலைக் குளிரில் அழுத்தம் குறையும். அதே நேரம், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் கேஜ் கொஞ்சம் கூட்டிக் காட்டும். எனவே மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை அளந்து ஒப்பிடுவதில் பயனில்லை.

சரியான வழி எளிது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, ஒரே இடத்தில், ஒரே கேஜை வைத்து நான்கு டயரையும் அளக்க வேண்டும். எத்தனை பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவின் ஓரத்திலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ, கையேட்டிலோ இருக்கும். டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது.

அளந்ததை போனில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பெரும்பாலும் வெப்பமோ, அளவு முறையோ காரணம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் ஏதோ இருக்கிறது.

ஓடும்போது மட்டும் ஏன் கசிகிறது?

இன்றைய கார்களில் பெரும்பாலும் ட்யூப்லெஸ் டயர்தான். உள்ளே ட்யூப் கிடையாது. டயர், ரிம், வால்வு மூன்றும் சேர்ந்துதான் காற்றை அடைத்து வைத்திருக்கின்றன. எனவே சந்தேகப்பட வேண்டிய இடங்களும் ரப்பரோடு நிற்பதில்லை.

1. வால்வு

அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். மேலே சொன்ன அதே காரில், 100 கி.மீ. வேகத்தில் வால்வு இருக்கும் இடத்தில் வெளிநோக்கித் தள்ளும் விசை, பொருளின் எடையைப் போல சுமார் 130 மடங்கு. 10 கிராம் எடையுள்ள ஒரு அலங்கார உலோக மூடியை மாட்டினால், அந்த வேகத்தில் ரப்பர் வால்வின் தலையில் 1.3 கிலோ தொங்குவது மாதிரி. 120-ல் போனால் அது கிட்டத்தட்ட 1.9 கிலோ. வால்வு வளைகிறது. அதன் அடியில் வெயிலில் காய்ந்த ரப்பரில் சின்ன வெடிப்பு இருந்தால் வாய் திறக்கிறது. வண்டி நின்றதும் வால்வு நிமிர்கிறது, வெடிப்பும் மூடிக்கொள்கிறது.

வால்வுக்குள்ளே இருக்கும் ‘பின்’னுக்கும் இதே கதைதான். அதை உள்ளே அழுத்தினால் காற்று வெளியேறும். சக்கரம் சுற்றும்போது உண்டாகும் விசையும் அதைத் திறக்கிற பக்கமாகத்தான் தள்ளும். நல்ல ஸ்பிரிங் இருந்தால் தாங்கிவிடும். பின் தளர்ந்தோ மண் ஏறியோ இருந்தால் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடும். அதனால்தான் வால்வு மூடி வெறும் அழகுக்கு இல்லை. அது மண்ணைத் தடுக்கும் இரண்டாவது கதவு.

2. ரிம்மும் டயரும் சேரும் இடம்

டயரின் உள் விளிம்பை ‘பீட்’ என்பார்கள். அது ரிம்மில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால்தான் காற்று நிற்கிறது. அந்த இடத்தில் ரிம் துருப்பிடித்திருந்தாலோ, பெயின்ட் உரிந்திருந்தாலோ, பழைய ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தாலோ உட்காருவதில் இடைவெளி விழும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றுக்கு இதில் பங்கு உண்டு.

நேராக ஓடும்போது இந்த இடைவெளி சும்மா இருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்க டயர்களுக்குச் சாய்கிறது. வலது பக்கம் திரும்பினால் இடது டயர்கள் அமுங்கும். தரை டயரை ஒரு பக்கம் பிடித்து இழுக்க, ரிம் மறுபக்கம் தள்ள, பீட் ஒரு கணம் நகர்ந்து ‘புஸ்’ என்று கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு மீண்டும் உட்காரும். ஏற்கெனவே காற்று குறைவாக இருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக, இறங்கி வருவதற்குள் ஐந்தாறு பி.எஸ்.ஐ. போயிருக்கும்.

3. அலாய் வீலில் விரிசல் அல்லது வளைவு

பள்ளத்தில் வேகமாக இறங்கி ‘டங்’ என்ற சத்தம் கேட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். இரும்பு ரிம் அடிபட்டால் வளையும். அலாய் வீல் வளையலாம், முடி அளவு விரிசலும் விடலாம். அந்த விரிசல் பெரும்பாலும் காரின் அடிப்பக்கம் பார்த்த உள் சுவரில் இருக்கும் என்பதால், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. எடை ஏறி சக்கரம் சுற்றும்போது விரிசல் திறந்து மூடும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங்கில் நடுக்கம் வந்து, அதே சக்கரத்தில் காற்றும் குறைந்தால், முதல் சந்தேகம் இங்கேதான்.

4. பழைய பஞ்சரும், உள்ளேயே இருக்கும் ஆணியும்

வெளியிலிருந்து குத்தி அடைக்கிற பஞ்சர் ஸ்டிரிப், நகர வேகத்தில் தாங்கலாம். சூடும் தொடர் மடங்கலும் சேரும்போது ஓரத்தில் வழிவிடலாம். ஆணியும் அப்படித்தான். குத்திய ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். வேகத்தில் அது அசையும்போதெல்லாம் காற்று போகும்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

தேவையானவை ஒரு கேஜ், ஒரு ஸ்பிரே பாட்டில், கொஞ்சம் சோப்புத் தண்ணீர்.

• முதல் நாள் இரவு அளந்து, வண்டியை எடுக்காமல் மறுநாள் காலை மீண்டும் அளக்கவும். குறையவில்லை என்றால், நிற்கும்போது கசிவு இல்லை என்பது உறுதி.

• வழக்கமான நகர ஓட்டம் ஒரு நாள், நெடுஞ்சாலை ஓட்டம் ஒரு நாள். இரண்டுக்கும் பிறகு டயர் ஆறியதும் அளந்து குறிக்கவும். எந்த ஓட்டத்தில் குறைகிறது என்பதே பெரிய துப்பு. வளைவுகளுக்குப் பிறகு குறைந்தால் பீட், நேர்ச் சாலையில் வேகத்துக்குப் பிறகு குறைந்தால் வால்வு என்று சந்தேகத்தைத் தொடங்கலாம். இந்தச் சோதனைக்காக வேண்டுமென்றே வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

• வால்வின் மூடியைக் கழற்றி, வாயில் சோப்புத் தண்ணீர் விடவும். பிறகு வால்வை விரலால் நான்கு பக்கமும் மெதுவாக வளைத்தபடியே அதன் அடியிலும் தெளிக்கவும். சக்கரம் சுற்றும்போது வால்வுக்கு நடப்பதை இந்த வளைப்பு ஓரளவு நடித்துக் காட்டும். தொட்டியில் வராத குமிழி இங்கே வரலாம்.

• ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் டயரின் உள்பக்கமும் கொஞ்சம் தெரியும். ரிம்மும் டயரும் சேரும் கோட்டைச் சுற்றித் தெளிக்கவும். வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, தரையில் மறைந்திருந்த பகுதியில் ஆணி இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

• இத்தனைக்கும் பிடிபடவில்லையா? முன், பின் டயர்கள் ஒரே அளவு என்றால், அந்தச் சக்கரத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பிரச்சினை சக்கரத்தோடு சேர்ந்து போனால் டயர், ரிம், வால்வில் கோளாறு. பழைய இடத்திலேயே வேறு சக்கரத்துக்கும் வந்தால் டயர் எங்காவது உரசுகிறதா, அலைன்மென்ட், சஸ்பென்ஷன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

‘காத்து நிக்கல’ என்று மட்டும் சொன்னால் மறுபடியும் தண்ணீர்த் தொட்டிதான். ‘நின்னா இறங்கல, நெடுஞ்சாலை ஓட்டினா ஆறு பாயின்ட் இறங்குது’ என்று குறித்து வைத்த எண்களைக் காட்டினால், தேடும் இடமே மாறும்.

டயரை ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். பீட் உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டால் வளைவு கண்ணுக்கே தெரியும். டயரைக் கழற்றிய கையோடு வால்வையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. ஆகிற செலவில் மிகச் சின்னது அதுதான். பஞ்சர் இருந்தால் உள்ளிருந்து போடுகிற மஷ்ரூம் பேட்ச் வெளி ஸ்டிரிப்பைவிட நம்பகமானது.

டயரின் உட்புறத்தை நீங்களும் ஒரு முறை பாருங்கள். உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டியிருந்தாலோ, பக்கச்சுவரில் வளையமாகத் தேய்ந்த தடம் இருந்தாலோ, அந்த டயர் காற்று குறைந்த நிலையில் வெகுதூரம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கசிவை அடைத்தாலும் அந்த டயரை நம்ப முடியாது. பக்கச்சுவரில் வீக்கமோ வெட்டோ இருந்தாலும் அப்படித்தான். அங்கே பஞ்சர் ஒட்டுவது தீர்வே இல்லை.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. கார்களுக்குப் பட்டன் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆழம் நிறைய இருந்தும் ரப்பர் காய்ந்து வெடித்த டயர்கள் உண்டு. அதிகம் ஓடாத கார்களில் இது சகஜம்.

எச்சரிக்கை விளக்கு இருக்கே, அது போதாதா?

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். வசதிக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் கார்களில் இருந்தவை. ஓடும்போதே டயரின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 270-க்கும் மேற்பட்ட மரணங்கள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. டயரின் குறையா, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த அழுத்தமா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டம்தான் அங்கே புதிய கார்களில் டி.பி.எம்.எஸ்-ஐக் கட்டாயமாக்கியது.

ஆனால் அந்த அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33-க்கு அது கிட்டத்தட்ட 25. நம் கதையின் 27, விளக்கே எரியாத 27. சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிற முறை. அதில் காற்று பிடித்த ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்யாவிட்டால், குறைந்த அழுத்தத்தையே ‘நார்மல்’ என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஸ்டெப்னி இல்லாத காரில் என்ன ஆகும்?

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட திருத்தத்தின்படி, 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வாகனத்தில் டி.பி.எம்.எஸ்-ஸும் டயர் ரிப்பேர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. பேட்டரிக்கும் பூட் இடத்துக்கும் இது வசதி. ஆனால் அந்தக் கிட் சரிசெய்வது பட்டனில் விழுந்த சின்ன ஓட்டையை மட்டுமே. வெடித்த வால்வு, வளைந்த ரிம், விரிசல் விட்ட அலாய் வீல், கிழிந்த பக்கச்சுவர் எதற்கும் அது உதவாது. ஓடும்போது மட்டும் கசிகிற டயருக்குக் காரணங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. எனவே ஸ்டெப்னி இல்லாத கார் வைத்திருப்பவர்கள் சின்னக் கசிவையும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தீர்த்துவிட வேண்டும்.

சில கார்களில் வரும் ஒல்லி ஸ்டெப்னியும் தற்காலிகம்தான். அதன் மேலேயே 80 கி.மீ. என்று வேக வரம்பு எழுதியிருக்கும்.

எவையெல்லாம் தீர்வு இல்லை?

நைட்ரஜன் பிடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓட்டை இருந்தால் அதுவும் போகும். ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போடுவது ரிம்மின் கோளாறை மறைத்து, கூடுதல் சூட்டையும் தரும். ‘எப்படியும் இறங்கும்’ என்று முன்கூட்டியே 40 பிடித்து வைத்தால் சாலைப் பிடிப்பும் பிரேக்கும் கெடும். சீலன்ட் திரவம் அவசரத்துக்கு மட்டும். அதை நிரந்தரமாக விட்டால் அடுத்து வருகிற எச்சரிக்கையும் மறைந்துபோகும்.

ஓடும்போதே காற்று போனால்?

கார் ஒரு பக்கம் இழுக்கும், பின்பகுதி ஆடும். பதற்றத்தில் பிரேக்கை மிதிப்பதுதான் பெரிய ஆபத்து. ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வேகம் தானாகக் குறைய விடவும். நன்றாகக் குறைந்த பிறகு ஹசார்டு விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்கவும். எல்லோரும் சாலையை விட்டு, முடிந்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

இனி ஒரு டயரில் மட்டும் 27 என்று பார்த்தால், ஆறு பாயின்ட் பிடித்துவிட்டு மறந்துவிடுவது சுலபம். ஆனால் வாகனம் ஓட்டுபவர் கிளம்பும் முன் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கிறது. அதற்கான பதில், திங்கள் காலை போனில் குறித்து வைத்த நான்கு எண்களிலிருந்து தொடங்குகிறது.